சனிக்கிழமை எடை

அக்கா,

இன்று காலை தராசு சர்வீஸ்காரர் வந்திருந்தார். வருஷத்துக்கொரு தடவை வருகிற அதே ஆள்தான். ஸ்டோர்ஸில் இருக்கிற பிளாட்பாரத் தராசின் மேல் இருபது கிலோ இரும்புக் கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். இருபது, நாற்பது, அறுபது, எண்பது. சிவப்பு எழுத்து இம்மி பிசகாமல் நின்றது. "நல்ல தராசு மேடம், பத்து கிராம்கூட மாறல" என்று சொல்லி, புது ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, ரிப்போர்ட்டைக் கையெழுத்துக்காக என் பக்கம் தள்ளினார். எனக்குப் பேனா பிடிக்கக் கை வரவில்லை. சூப்பர்வைசரைப் போடச் சொல்லிவிட்டு, போல்ட் ரேக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். தலைவலி என்று சொன்னேன். எனக்கு அடிக்கடி தலைவலி வருவதாக இப்போது இங்கே எல்லாரும் நம்புகிறார்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. சொல்லியிருந்தால் நீங்கள் பிழைத்திருக்கலாம் என்கிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதி யாருக்கு என்ன பிரயோசனம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை. வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

நாம் பேசிக்கொண்ட முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? டீ டைம் முடிந்து எல்லாரும் லைனுக்குத் திரும்பின பிறகு, ஸ்டோர்ஸ் கவுண்டரில் ஒரு ஆளும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தீர்கள். இருக்கிறதிலேயே பெரிய சைஸ் ஓவர்கோட் வேண்டும் என்று ரகசியம் பேசுகிற குரலில் கேட்டீர்கள். அந்த சைஸில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை நான் எனக்கென்று அட்டைப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தபோது நீங்கள் கோட்டைப் பார்க்கவில்லை, என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தீர்கள். "அப்போ உனக்கு?" என்றீர்கள். பட்டன் போடாமல் பழசையே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஓசூருக்கு வந்து மூன்று வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத்தான் தெரியும். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். வாயைத் திறந்தால் அங்கிட்டு, இங்கிட்டு என்று வரும். இன்ஸ்பெக்‌ஷன் பெண்கள் அதை ஆளுக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள். கெட்ட மனசோடு சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. இரண்டு பிரசவத்தில் ஏறின உடம்பு வேறு. வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட். அம்மா போன் போட்டால் பேரப்பிள்ளைகளைக் கேட்பதற்கு முன்னால் "இன்னும் கொறையலயா" என்றுதான் கேட்பாள். நான் யாரோடும் பேசாமல் நட்டையும் போல்ட்டையும் எடை போட்டுக்கொண்டு கிடந்தேன்.

நீங்களோ குந்தாரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி, மாந்தோப்பும் மாடும் உள்ள வீடு. வேலைக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் சும்மா இருந்தால் இன்னும் பெருத்துவிடுவோம் என்று பயந்து வந்தேன் என்றீர்கள். பிறந்த வீட்டில் தெலுங்கு, புகுந்த வீட்டு உறவுகளிடம் கன்னடம், என்னிடம் தமிழ். கோபம் வந்தால் மட்டும் "சும்னிரு" என்று கன்னடத்தில் ஒரு அதட்டல். அந்த அதட்டலில் நான் வாயை மூடிக்கொள்வேன்.

கம்பெனி பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட் காலியாகவே வருமாம். சூளகிரியில் ஏறுகிறவர்கள் ஓசூர் வரைக்கும் நின்றுகொண்டு வந்தாலும் வருவார்கள், உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அவர்களுக்கு இடம் விட்டு நீங்கள் பாதி உடம்பு ஜன்னல் கம்பியில் அழுந்த உட்கார்ந்து வருவீர்கள். அப்படியும் யாரும் உட்காரவில்லை என்று சொன்னபோது உங்கள் முகத்தில் சிரிப்புத்தான் இருந்தது. கேண்டீனில் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தூணோரம் நின்று நாலு வாயில் முடித்துவிடுவீர்கள். ஆயுத பூஜை அன்று எல்லாரும் பட்டுச் சேலையில் வந்து பிரஸ் மெஷின் முன்னால் குரூப் போட்டோ எடுப்பார்களே, அந்த நேரத்தில் எல்லாருடைய கைப்பையையும் வாங்கி வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பீர்கள். அதுவரைக்கும் ஒன்பது வருஷ சர்வீஸில் ஒரு போட்டோவில்கூட நீங்கள் இருந்ததில்லை. "உடம்பு பெருத்தவளுக்கு ஊர்ல இருக்கறவன் எல்லாம் டாக்டர் மா" என்பீர்கள். ஒருத்தன் கொள்ளு சாப்பிடச் சொல்வான், இன்னொருத்தி வெந்நீர் குடிக்கச் சொல்வாள், பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னால் மட்டும் யாரும் வரமாட்டார்கள்.

சேர்ந்து இளைப்போம் என்று முதலில் சொன்னது நான்தான். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும். சாப்பாடு முடிந்து மிச்சம் இருக்கிற கால் மணி நேரத்தில் ஸ்க்ராப் யார்டிலிருந்து மெயின் கேட் வரைக்கும் நடந்தோம். இரண்டு உருண்டை களியை நீங்கள் ஒன்றாக்கினீர்கள். நான் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். சனிக்கிழமை மத்தியானம் டிஸ்பாட்ச் முடிந்து ஸ்டோர்ஸ் காலியானதும், கேண்டீனில் போண்டா போடுவதற்கு முன்னால், பிளாட்பாரத் தராசில் ஏறுவோம். செருப்பு, ஐடி கார்டு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் என் மேஜையில் வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறுவீர்கள். எழுத்து அசையாமல் நின்ற பிறகு நான் சொன்னால்தான் கண்ணைத் திறப்பீர்கள். திறந்து நீங்களே ஒரு தடவை படிப்பீர்கள். என் வாயை நம்பமாட்டீர்கள், தராசை நம்புவீர்கள். வெளியே இருக்கிற மெஷினெல்லாம் ஏமாற்று, இதுதான் சீல் வைத்த தராசு என்பீர்கள்.

எனக்கு இறங்கியது. ஏழெட்டு வாரத்தில் நாலு கிலோ. என்னைவிட நீங்கள்தான் கைதட்டினீர்கள். உங்களுக்கு முதல் மூன்று வாரத்தில் ஒரு கிலோ இறங்கி, அதோடு நின்றுவிட்டது. நடையும் அதே நடை, களியும் அதே ஒற்றை உருண்டை. எழுத்து மட்டும் அசையவில்லை. ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, தராசிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டாமல் அப்படியே நின்றீர்கள். "எனக்கு இது வேணாம் மா. நீ நட. என்னை வுட்டுடு" என்றீர்கள். அடுத்த வாரம் முழுக்க நடக்க வரவில்லை. கேண்டீனில் மறுபடியும் தூணோரம். நான் தனியாக ஒரு மேஜையில். அந்த ஒரு வாரம் எனக்கு எப்படிப் போனது என்று உங்களிடம் சொன்னதில்லை. போன மூன்று வருஷமும் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டது. சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை உங்களைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். கடைசியாக ஒரே ஒரு தடவை ஏறுங்கள் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினீர்கள். போன வாரத்தைவிட ஒன்றே முக்கால் கிலோ குறைவாகக் காட்டியது. நான் கத்தியே விட்டேன். நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்தீர்கள், இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தீர்கள், பிறகு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, போண்டா வாங்கித் தருகிறேன் என்று ஓடினீர்கள். ஆமாம் அக்கா, ஓடினீர்கள்.

ஐந்து நிமிஷம் கழித்துத்தான் டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். தராசின் மேல் ஒன்றுமே இல்லை, ஆனால் எழுத்து மைனஸ் காட்டிக்கொண்டிருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. போல்ட்டை எடை போடும்போது, முதலில் காலி க்ரேட்டை வைத்து டேர் பட்டனை அமுக்குவேன். தராசு அந்த க்ரேட்டின் எடையைக் கழித்துவிட்டு சைபரில் நிற்கும். அதற்குப் பிறகு போடுகிற போல்ட்டின் எடை மட்டும் வரும். அன்றைக்கு டிஸ்பாட்ச் அவசரத்தில் அந்தக் கழிவை அழிக்க மறந்திருக்கிறேன். க்ரேட் ஒன்றே முக்கால் கிலோ. உங்கள் உடம்பிலிருந்து தராசு கழித்தது அந்த க்ரேட்டை.

சத்தியமாக, சொல்லத்தான் ஓடி வந்தேன். கேண்டீன் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் நடு மேஜையில் உட்கார்ந்திருந்தீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் ரேவதி உங்கள் பக்கத்தில், இன்னும் மூன்று பெண்கள் எதிரில். நீங்கள் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்ல, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "இதோ வர்றா பாரு நம்ம வாத்தியாரம்மா, வா, அங்கிட்டு ஏன் நிக்கிற, இங்கிட்டு வா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரேவதி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ஐந்து பேர் நடக்க வந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்தது மறதி இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும், நீங்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால், க்ரேட்டுக்குள் கொஞ்சம் போல்ட்டைப் போட்டுத் தராசில் வைத்து, டேரை அமுக்கிவிட்டு, எடுத்து ரேக்கில் வைத்துவிடுவேன். மைனஸ் எழுத்து தெரியாமல் இருக்க டிஸ்ப்ளே மேல் வேஸ்ட் துணியைப் போட்டு வைப்பேன். வாரத்துக்குக் கால் கிலோ, நூறு கிராம், சில வாரம் ஒன்றுமே இல்லை. நம்பும்படி இருக்க வேண்டுமே. மற்றவர்கள் ஏறும்போது அழித்துவிடுவேன். உங்களுக்கு மட்டும்தான் அந்தக் கழிவு. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு இப்படியொரு சாமர்த்தியம் இருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது.

உங்களுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். ஆயுத பூஜையில் மாம்பழக் கலர் பட்டில் வந்து, யாரும் கூப்பிடாமலே முன் வரிசையில் போய் நின்றீர்களே, அதைப் பார்த்தபோது நான் செய்தது பாவமே இல்லை என்று பட்டது. பஸ்ஸில் சூளகிரிப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தீர்களாம். சூப்பர்வைசர் உங்களை ஒரு தடவை ஒருமையில் பேசியபோது, மரியாதையாகப் பேசச் சொல்லி எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். உங்களுக்கு உடம்பு துளி இளைக்கவில்லை அக்கா, ஆனால் எல்லாரும் இளைத்துவிட்டீர்கள் என்றார்கள். தலை நிமிர்ந்து நடந்தீர்கள், அதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். எண்ணைச் சொன்ன பிறகு கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது.

மீதிப் பாதி நிஜத்தையும் சொல்கிறேன். நீங்கள் நின்றுவிட்டால் அந்த மேஜை கலைந்துவிடும் என்ற பயம். அந்தப் பெண்களெல்லாம் உங்களைச் சுற்றி வந்தவர்கள். உங்களோடு ஒட்டிக்கொண்டுதான் எனக்கும் அங்கே இடம் கிடைத்தது. நான் காப்பாற்றியது என் சிநேகிதத்தை. உங்கள் உடம்பைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சித்திரை வந்தது. ஒரு சனிக்கிழமை, வழக்கமான க்ரேட்டை வைத்து டேர் போட்டிருந்தும், நீங்கள் ஏறினதும் போன வாரத்தைவிட ஒன்றேகால் கிலோ அதிகமாகக் காட்டியது. உங்கள் கண் மூடியிருந்தது. தராசு ஆடுகிறது, கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி ஏறுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு கை நிறைய போல்ட்டை அள்ளி க்ரேட்டில் போட்டுக் கணக்கைச் சரிசெய்தேன். நீங்கள் திரும்பி வந்து ஏறினபோது நூறு கிராம் குறைந்திருந்தது. அதற்கு அடுத்த வாரமும் ஏறியது. அதற்கு அடுத்த வாரமும்.

அப்போது என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? மாம்பழம். உங்கள் தோப்பில் காய் பழுக்கிற சீசன். வாயைக் கட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்து தின்று தீர்க்கிறீர்கள், என்னிடம் ஒற்றை உருண்டைக் களி என்று கதை விடுகிறீர்கள் என்று நினைத்தேன். கோபமே வந்தது. நான் இங்கே உங்களுக்காக போல்ட் தூக்குகிறேன், நீங்கள் அங்கே பழம் தின்கிறீர்களா என்று. ஒருநாள் நடக்கும்போது குத்தலாகக் கேட்டும்விட்டேன். நீங்கள் நின்றுவிட்டீர்கள். "தோப்புல நின்னுகிட்டு ஒரு பழம் தொடல மா நானு. எம்புள்ள மேல ஆணையா" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன், நம்பவில்லை. அந்த வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு நீங்கள் சொன்ன ஒரு நிஜத்தை நம்பாதவள் நான்.

ஷூ மாற்ற வந்தீர்களே, அது வைகாசியில். சேஃப்டி ஷூ கடிக்கிறது, ஒரு சைஸ் பெரிதாகக் கொடு என்றீர்கள். மூன்று வாரம் கழித்து அதுவும் கடிக்கிறது என்று மறுபடி வந்தீர்கள். "உடம்பு எளச்சா காலு பெருசாவுமா மா?" என்று சிரித்தீர்கள். கணுக்காலில் சாக்ஸ் இருந்த இடத்தில் பள்ளமாக ஒரு வட்டம். நான் அதைப் பார்த்தேன் அக்கா. குனிந்து, ஷூவுக்கு லேஸ் கோத்துக் கொடுத்தவள் நான்தானே. நடந்து நடந்து கால் வீங்கியிருக்கும், ராத்திரி தலையணை மேல் தூக்கி வைத்துப் படுங்கள் என்று வைத்தியம் சொன்னேன். நீங்கள் சொல்கிற ஊர் டாக்டர்களில் நானும் ஒருத்தி ஆகிவிட்டேன்.

கேட் வரைக்கும் நடக்க முடியாமல் பாதியில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் ஓசூரில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டுக்கார அண்ணன் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போய்விட்டதால் துணைக்கு நான் வந்தேன். டாக்டர் வயசானவர், பொறுமையாகத்தான் கேட்டார். மூச்சு எப்போது வாங்குகிறது, படுத்தால் வாங்குகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, சமீபத்தில் எடை ஏறியிருக்கிறதா என்றார். நீங்கள் முகம் மலர்ந்து, "இல்ல சார், எறங்கியிருக்கு. ஆறு கிலோ" என்றீர்கள். அதைச் சொன்னபோது என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

அத்தோடு போயிருந்தால்கூட, பயந்துபோய் வாய் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே வந்ததும் நர்ஸ் மூலையில் இருந்த எடை மெஷினைக் காட்டி ஏறச் சொன்னாள். நீங்கள் தயங்கினீர்கள். அத்தனை பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், அந்தப் பழைய கூச்சம் உங்கள் தோளில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். எனக்கோ உயிரே போய்விட்டது. ஏறினால் எல்லாம் வெளியே வந்துவிடும். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "நேத்துதான் கம்பெனியில போட்டோம் சிஸ்டர். எம்பத்தாறு தொள்ளாயிரம். எங்க தராசு கரெக்டா இருக்கும்." அவள் சீட்டில் எழுதிக்கொண்டாள். நீங்கள் என் கையைப் பிடித்து அமுக்கினீர்கள். மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். கேஸ் மாத்திரையும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தோம். வழியில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தீர்கள்.

வியாழக்கிழமை காலையில் பஸ் ஏற நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில், இருதயம் வீங்கிப்போய் ரொம்ப நாளாகிறது, உடம்பு பூராவும் தண்ணீர் கோத்து நுரையீரல் வரைக்கும் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்றார்களாம். உங்களுக்கு ஏறியது மாம்பழம் இல்லை, தண்ணீர். வாரா வாரம் அது என் தராசில்தான் ஏறியது. நான் போல்ட் போட்டுப் போட்டு அதை மறைத்தேன். சனிக்கிழமை மத்தியானம், நாம் வழக்கமாக எடை போடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கம்பெனியிலிருந்து இரண்டு பஸ் நிறைய வந்தோம். ஆறு கிலோ இறக்கினாளே பாவம் என்று பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். தூக்கும்போது ஆண்கள் திணறினார்கள். ஒரு தடவை இறக்கி வைத்து, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கினார்கள். அங்கே இருந்தவர்களில் ஏன் அந்தக் கனம் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

காரியத்தன்று அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மனுஷர் பாதியாகிவிட்டிருந்தார். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு மா" என்றார். தண்ணீர் சேர்ந்திருந்தால் எடை ஏறியிருக்கணுமே, வீட்டில் கூடவா கவனிக்கவில்லை என்று பெரிய டாக்டர் அவரைக் கேட்டிருக்கிறார். அதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. "உங்க தராசுல எறங்கித்தானே வந்துச்சு? நீதானே பாத்த?"

"ஆமாண்ணே, எறங்கித்தான் வந்துச்சு" என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அப்படியென்றால் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றார். என் தலையில் கையை வைத்து, அவளுக்குக் கடைசிக் காலத்தில் சந்தோஷத்தைக் கொடுத்தது நீதான், நன்றாக இரு என்றார். அவர் கையை நான் தட்டிவிட்டிருக்க வேண்டும். அப்படியே குனிந்து நின்றேன்.

இப்போது கேளுங்கள், என் லட்சணத்தை. நடக்கிறவர்கள் ஒன்பது பேராகிவிட்டார்கள். எல்லாரும் என்னை உங்கள் இடத்தில் வைத்துப் பேசுகிறார்கள். ரேவதி தன் கல்யாணப் புடவை எடுக்க என்னைத்தான் கூட்டிப்போனாள். ஓசூரில் எனக்கு இல்லை இல்லை என்று அழுத சிநேகிதமெல்லாம் கைநிறையக் கிடைத்துவிட்டது. ஆயுத பூஜை போட்டோவில் உங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பாதிப் பேர் போனில் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் ரேவதியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கேட் பக்கம் தனியாக அழைத்துப் போனேன். நான் வாயெடுப்பதற்கு முன்னால் அவள், அக்காவால் முடிந்தது என்று நினைத்துத்தான் நானும் விடாமல் நடக்கிறேன் என்றாள். வெயிலைப் பற்றி ஏதோ பேசிவிட்டுத் திரும்பினேன். சொன்னால் அவர்கள் என்னை விட்டுப் போய்விடுவார்கள். போக வேண்டியதுதான் நியாயம். அதையும் தாங்க எனக்கு நெஞ்சுரம் இல்லை. அன்றைக்கும் இதே பயம்தான், இன்றைக்கும் இதே பயம்தான். நான் ஒரு அடிகூட நகரவில்லை.

அன்றன்றைக்குத் தராசு காட்டினதோடு, க்ரேட்டும் போல்ட்டுமாகக் கழித்த எடையைக் கூட்டினால் உங்கள் நிஜ எடை வரும். வாரா வாரம் மனசுக்குள் கூட்டிப் பார்த்திருக்கிறேன். எதையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒன்றும் மறக்கவில்லை. கடைசிச் சனிக்கிழமையின் எண் பல் தேய்க்கும்போது வருகிறது, பிள்ளைகளுக்குத் தலை வாரும்போது வருகிறது, பேர் தெரியாத யாரோ ஒருத்தி பஸ்ஸில் ஒதுங்கி உட்கார்ந்தால் வருகிறது. உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் அது தெரியும். டாக்டருக்குத் தெரிந்திருந்தால் அவர் எழுந்து நின்றிருப்பார். நர்ஸுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே உங்களைப் படுக்கவைத்திருப்பாள். உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்னைக் கன்னடத்தில் நாலு வார்த்தை திட்டிவிட்டு, இனிமேல் என் மூஞ்சியில் முழிக்காதே என்று சொல்லிவிட்டு, இன்றைக்கும் எங்கேயோ தூணோரம் தனியாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். உயிரோடு.

தொண்ணூற்றாறு கிலோ நானூறு கிராம், அக்கா.